மீன்தொட்டி கண்ட்ரோலரின் சீரியல் கேபிளை மாடி வரை நீட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூர் தெரஸ் வீடுகளில் பெரிய மீன்தொட்டிக்கு இடம் கீழ் ஹால்தான். தண்ணீரும் கல்லும் சேர்ந்த எடையை மாடியில் ஏற்ற யாருக்கும் மனம் வராது. கணினியோ மேலே, பின்னறையில். தொட்டியின் வெப்பநிலையையும் பிஎச்சையும் கவனித்து பம்ப், ஹீட்டரை இயக்கும் கண்ட்ரோலரோடு பெட்டியில் வந்த சீரியல் கேபிள் ஒன்றிரண்டு மீட்டர்தான் இருக்கும். 22க்கு 75 அடி மனையில் கட்டிய வீடு என்றால், ஹாலிலிருந்து படிக்கட்டோரமாக ஏறிப் பின்னறை போய்ச் சேர 20 முதல் 25 மீட்டர் வயர் வேண்டும். "சீரியல் 15 மீட்டருக்கு மேல் போகாதே" என்று யாராவது சொல்வார்கள். பலர் அந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

தாராளமாகப் போகும். இந்த வேலையில் நீளம் ஒரு பெரிய விஷயமே இல்லை. தொட்டிப் பக்கத்து எர்த்தும் கணினிப் பக்கத்து எர்த்தும் ஒரே வயரில் சேரும்போது நடப்பதுதான் பெரிய விஷயம். அடுத்தது இந்த ஊர் இடி. கடல்நீர்த் தொட்டி என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். எனவே நீளத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, இவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

முதலில், அது எந்தத் துளை?

கண்ட்ரோலரின் பின்னால் இருப்பது ஆர்எஸ்-232 (பழைய சீரியல் இணைப்புத் தரம்) தானா என்று உறுதி செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். ஒன்பது முள் டிபி9 இருந்தால் பெரும்பாலும் அதுதான். சில கண்ட்ரோலர்களில் தொலைபேசி ஜாக் மாதிரி ஆர்ஜே11 அல்லது ஆர்ஜே45 இருக்கும். உள்ளே ஓடுவது ஆர்எஸ்-232 ஆகவே இருக்கலாம், முள் வரிசை மட்டும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த வரிசை. கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்க வேண்டாம்.

துளையின் வடிவத்தை வைத்து முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நெப்டியூன் ஏபெக்ஸ் என்ற கண்ட்ரோலர் நல்ல எடுத்துக்காட்டு. அதன் அக்வாபஸ் துளை பார்க்க யுஎஸ்பி போலவே இருக்கும். ஆனால் அது யுஎஸ்பி இல்லை. அதைக் கணினியில் சொருகினால் இரண்டு பக்கமும் கெடலாம். உண்மையான யுஎஸ்பி துளை என்றாலும் இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தாது. யுஎஸ்பி 2.0 கேபிளின் வரம்பே 5 மீட்டர்.

ஆர்டுயினோ வைத்துச் சொந்தமாகச் செய்த கண்ட்ரோலர் என்றால் அதிலிருந்து வருவது டிடிஎல் சிக்னல், அதாவது 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட். அதை நேராக ஆர்எஸ்-232 போர்ட்டில் கொடுத்தால் சிப் போய்விடும். இடையில் மேக்ஸ்232 அல்லது மேக்ஸ்3232 சிப் உள்ள சிறிய போர்டு வேண்டும். அது 5 வோல்ட்டிலிருந்து தானே நேர், எதிர் மின்னழுத்தங்களை உண்டாக்கிக்கொள்ளும். அந்தப் போர்டைக் கண்ட்ரோலர் பக்கத்தில் வையுங்கள். நீண்ட கேபிளில் ஓட வேண்டியது ஆர்எஸ்-232 தான், டிடிஎல் இல்லை.

நீளக் கணக்கு

15 மீட்டர் கதை 1969-இல் வந்த ஆர்எஸ்-232-சி தரத்தின் 50 அடியிலிருந்து வந்தது. பின்னால் வந்த திருத்தங்கள் அடிக்கணக்கை விட்டுவிட்டு, மின்தேக்கத்துக்கு (வயர் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அளவு) வரம்பு வைத்தன: மொத்தம் 2500 பிக்கோஃபாரட். சாதாரண கேட்5இ கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 50 பிக்கோஃபாரட் இருக்கும். 25 மீட்டருக்கு 1250, வரம்பில் பாதிதான். ஷீல்டு போட்ட கேபிளில் மீட்டருக்கு மின்தேக்கம் கூடும் என்பதால், "ஷீல்டு இருந்தால் இன்னும் தூரம் போகும்" என்ற நம்பிக்கை இந்த இடத்தில் தலைகீழ்.

வேகமும் கணக்கில் உண்டு. 9600 வேகத்தில், அதாவது விநாடிக்கு 9600 பிட் என்றால், ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட் நீளும், 115200-இல் 8.7 மைக்ரோசெகண்ட்தான். வெப்பநிலையும் பிஎச்சும் சில விநாடிக்கு ஒருமுறை வந்தால் போதும் என்பதால் 9600 தாராளம். கண்ட்ரோலரில் வேகத்தை மாற்ற முடியும் என்றால் குறைத்தே வையுங்கள்.

வாங்க வேண்டியவை

உதிரிப் பொருள்களுக்கு புடு பக்கம் ஜாலான் பசார் போங்கள். மின்னணுச் சாமான் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. டிபி9 முனை, ஆர்ஜே45 அடாப்டர், மேக்ஸ்3232 போர்டு எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். யுஎஸ்பி-சீரியல் மாற்றியை லோ யாட் பிளாசாவிலும் வாங்கலாம்.

மாற்றியில் எஃப்டிடிஐ கம்பெனியின் சிப் உள்ளதா என்று கேளுங்கள். மலிவான மாற்றிகளும் வேலை செய்யும்தான். ஆனால் மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓட வேண்டிய இணைப்பில், டிரைவர் தொல்லைக்காக ஒருநாள் உட்கார்ந்து முடியைப் பிய்த்துக்கொள்வதை விட முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

கேபிள் கேட்5இ போதும். "ஃபுல் காப்பர்" என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளும் அதே நீலப் பெட்டியில்தான் வருகிறது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அது நம் ஊர் ஈரத்தில் முனைகளில் அரித்து, வளைத்தால் ஒடியும்.

இவற்றோடு கேபிளில் முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பர், ஒரு மல்டிமீட்டர், சுவரோடு ஒட்டும் பிளாஸ்டிக் டிரங்கிங். கேபிள் ஓடும் பாதை முழுவதும் கெட்டி இழைக் கேபிள், இரண்டு முனையிலும் சுவர்ச் சாக்கெட், அதிலிருந்து சாதனத்துக்கு மெல்லிய இழைக் கேபிள் என்று பிரித்தால் பின்னாளில் பழுது பார்ப்பது எளிது.

மேசையில் ஓடாதது மாடியில் ஓடாது

புதுக் கேபிளைத் தொடும் முன், மடிக்கணினியைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டு போய், கண்ட்ரோலரோடு வந்த குட்டிக் கேபிளிலேயே இணைப்பை ஓட வையுங்கள். புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் சீரியல் தேர்ந்து, காம் எண் (விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்குக் கொடுக்கும் எண்), வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கண்ட்ரோல் இல்லை என்று வையுங்கள். கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி. திரையில் புரியாத குறிகள் கொட்டினால் பெரும்பாலும் வேகம் தவறு. ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் வயர் தவறு. இந்த ஒரு வேறுபாடு பிறகு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாற்றியே சரியா என்று சந்தேகம் வந்தால், அதன் டிபி9 முனையில் 2-ஆம் முள்ளையும் 3-ஆம் முள்ளையும் சிறு வயரால் சேர்த்து, புட்டியில் எதையாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் மாற்றியில் குறை இல்லை.

மல்டிமீட்டரால் அனுப்பும் முள்ளைக் கண்டுபிடிப்பது

இந்தப் பகுதியைப் பொறுமையாகச் செய்யுங்கள். வரைபடங்களில் "டிஎக்ஸ்" (அனுப்பும் முள்) என்று எழுதியிருப்பது யாருடைய டிஎக்ஸ் என்பதில்தான் பாதிக் குழப்பம். மீட்டருக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

ஆர்எஸ்-232-இல் சும்மா இருக்கும் அனுப்பு வயர் எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். மாற்றியைக் கணினியில் மட்டும் சொருகி, அதன் டிபி9 முனையில் எதையும் இணைக்காமல், 5-ஆம் முள்ளில் கறுப்பு முனை, 3-ஆம் முள்ளில் சிவப்பு. மைனஸ் 5 முதல் மைனஸ் 12-க்குள் ஏதோ ஓர் எண் வரும். அதுதான் கணினி அனுப்பும் வயர். 2-ஆம் முள்ளில் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், ஏனென்றால் அது கேட்கும் பக்கம். இப்போது கண்ட்ரோலரை ஆன் செய்து, அதன் கிரவுண்டில் கறுப்பை வைத்து ஒவ்வொரு முள்ளாகச் சிவப்பைத் தொடுங்கள். எது மைனஸ் காட்டுகிறதோ அது கண்ட்ரோலர் அனுப்பும் முள். எங்கும் மைனஸே வராமல், ஒரு முள்ளில் பிளஸ் 5 அல்லது 3.3 நின்றால் அது டிடிஎல்; மேலே சொன்ன போர்டு தேவை.

ஒருவர் அனுப்புவது மற்றவர் கேட்கும் முள்ளுக்குப் போக வேண்டும், கிரவுண்டும் கிரவுண்டும் சேர வேண்டும். சீரியலின் வயரிங் அவ்வளவுதான்.

கேபிளுக்குள் எந்த நிறம் எதற்கு

கேட்5இ-இல் நான்கு ஜோடி. பலர் செய்வது, அனுப்பும் வயரையும் கேட்கும் வயரையும் ஒரே ஜோடியில் போடுவது. ஒன்றோடொன்று முறுக்கியிருப்பதால் ஒன்றின் சிக்னல் மற்றதில் ஏறும். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு கிரவுண்டைத் துணையாகக் கொடுங்கள்:

ஆரஞ்சு: கணினியின் 3-ஆம் முள், அனுப்புவது
வெள்ளை-ஆரஞ்சு: 5-ஆம் முள், கிரவுண்ட்
பச்சை: கணினியின் 2-ஆம் முள், கேட்பது
வெள்ளை-பச்சை: 5-ஆம் முள், கிரவுண்ட்
நீலம், பழுப்பு ஜோடிகள்: சும்மா இருக்கட்டும்

கண்ட்ரோலர் ஹேண்ட்ஷேக் (அனுப்பலாமா என்று தனி வயரில் கேட்பது) எதிர்பார்த்தால், அந்த முனையிலேயே 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துவிடுங்கள். 1, 4, 6 மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அந்த வயர்களை மாடி வரை இழுக்கத் தேவையில்லை. 4-ஆம் முள்ளான டிடிஆரை இழுக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு: ஆர்டுயினோ போர்டுகள் பல, டிடிஆர் வயரில் சிக்னல் மாறினால் ரீசெட் ஆகும். மேலே நீங்கள் மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கீழே பம்ப்பையும் ஹீட்டரையும் இயக்கும் ரிலேக்கள் அணைந்து மறுபடி ஆன் ஆனால் தொட்டிக்கு நல்லதில்லை.

முனைகளைப் போட்டபின் ஒரு சோதனை. இரண்டு பக்கமும் இணைத்து ஆன் செய்து, கணினி முனையில் 5-ஆம் முள்ளில் கறுப்பை வைத்து 2, 3 இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டிலும் மைனஸ் இருந்தால் வயரிங் சரி. ஒன்று மைனஸ், ஒன்று பூஜ்யம் என்றால் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது இரண்டு அனுப்பு வயர்கள் ஒரே முள்ளில் மோதுகின்றன.

சுவர்ச் சாக்கெட்டின் மேல் "தொட்டி சீரியல், நெட்வொர்க் இல்லை" என்று பெரிதாக ஒட்டுங்கள். ஆர்ஜே45 துளையைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ரௌட்டரைச் சொருகுவார்கள். மின்சாரமும் சேர்த்து அனுப்பும் பிஓஇ சுவிட்ச் என்றால் கண்ட்ரோலரின் போர்ட் கெட்டுப்போகலாம்.

பாதை

படிக்கட்டோரம், கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பு, சுவரும் சிலிங்கும் சேரும் மூலை: இவையே நல்ல பாதைகள். மின்சார வயர் ஓடும் டிரங்கிங்கிலேயே இதையும் திணிக்காதீர்கள். காப்புக்காகவும் கூடாது, இரைச்சலுக்காகவும் கூடாது. பக்கத்தில் இணையாக ஓடவேண்டி வந்தால் ஒரு அடி தள்ளி, குறுக்கே கடக்கவேண்டி வந்தால் நேர் செங்கோணத்தில். சிலிங்குக்கு மேலே விட்டால் எலி கடிக்கும். வேறு வழியே இல்லை என்றால் குழாய்க்குள் விடுங்கள்.

தொட்டிப் பக்கத்தில் விதி ஒன்றுதான்: எந்த முனையும் சம்ப்புக்கு (கேபினட்டுக்குள் இருக்கும் வடிகட்டித் தொட்டி) நேர் மேலே இருக்கக் கூடாது. கேபினட் கதவைத் திறந்து பார்த்தால் தெரியும், சம்ப்பில் குமிழி உடையும்போது தெறிக்கும் உப்புத்துளி காய்ந்து, கேபிள் மேல் வெள்ளைப் பொடியாகப் படர்ந்திருக்கும். அது ஈரத்தை இழுத்துக்கொண்டு முனைக்குள் ஊர்ந்து, முட்களைப் பச்சையாக்கும். கண்ட்ரோலரைக் கேபினட்டுக்கு வெளியே, பக்கச் சுவரில் மாட்டுங்கள். கேபிள் முனைக்குள் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேறச் செய்தால், வழிந்து வரும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், முனைக்குப் போகாது.

எர்த்: இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி

செந்தூலில் ஒரு நண்பர் போன் செய்தார். "அண்ணே, ப்ரோப மாத்திட்டேன், கேலிப்ரேஷன் பண்ணிட்டேன், பிஎச் இன்னும் ஆடுது." சீரியல் கேபிளைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கழற்றியதும் 7.6-இலிருந்து 8.2-க்கு ஏறி நின்றுவிட்டது. ப்ரோப் மேல் எந்தக் குறையும் இல்லை.

நடந்தது இதுதான். தொட்டித் தண்ணீரில் பம்ப், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், ஹீட்டர் எல்லாவற்றிலிருந்தும் சிறிது மின்னழுத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பிஎச் ப்ரோப் மில்லிவோல்ட் கணக்கில் அளக்கும் கருவி. கண்ட்ரோலர் தனியாக அடாப்டரில் ஓடும்போது அதன் கிரவுண்ட் எதோடும் சேராமல் மிதக்கும். கசிவுக்கு வெளியேற வழி இல்லை, அளவும் கெடாது. சீரியல் கேபிளைச் சொருகியதும் 5-ஆம் முள் வழியாகக் கண்ட்ரோலரின் கிரவுண்ட் கணினியின் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. இப்போது தண்ணீரிலிருந்து ப்ரோப், கண்ட்ரோலர், உங்கள் அழகான புதுக் கேபிள், கணினி, எர்த் என்று ஒரு பாதை. அந்தப் பாதையில் ஓடும் மிகச் சிறிய மின்னோட்டம் போதும், பிஎச் எண் ஓடிவிடும். அதை நம்பி கார்பன் டை ஆக்சைடையோ கால்சியம் ரியாக்டரையோ கண்ட்ரோலர் இயக்கினால், பொய் எண்ணுக்கு மீன்களும் பவளமும் விலை கொடுக்கும்.

அதனால் கேபிளை நிரந்தரமாகப் பொருத்தும் முன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, இணைப்பதற்கு முன், கணினி பக்கத்து 5-ஆம் முள்ளுக்கும் கண்ட்ரோலர் கிரவுண்டுக்கும் இடையே ஏசி வோல்ட். மீட்டரைப் பெரிய ரேஞ்சில் வைத்துத் தொடங்குங்கள். இரண்டு முள் அடாப்டரில் ஓடும் மடிக்கணினி பல பத்து வோல்ட் காட்டலாம். மின்னோட்டம் சொற்பம்தான், என்றாலும் இணைக்கும் நொடியில் போர்ட்டைத் தாக்கும். ஆகவே இரண்டையும் அணைத்துவிட்டே சொருகுங்கள். இரண்டாவது, பம்ப்பும் சில்லரும் ஓடும்போது, கேபிள் இருக்கையிலும் கழற்றியும் பிஎச், ஓஆர்பி (தண்ணீரின் ஆக்சிஜனேற்ற அளவு) எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் நகர்ந்தால் ஐசொலேஷன், அதாவது இரு பக்கத்துக்கும் மின்தொடர்பை அறுப்பது, கட்டாயம்.

எளிய வழி, கணினிக்கும் யுஎஸ்பி-சீரியல் மாற்றிக்கும் இடையில் யுஎஸ்பி ஐசொலேட்டர். அனலாக் டிவைசஸின் ஏடியுஎம்4160 சிப் வைத்துச் செய்த சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. சிக்னல் போகும், மின்தொடர்பு போகாது. தொட்டிப் பக்கத்துக் கிரவுண்ட் பழையபடி மிதக்கும். முதலில் எண் நகராவிட்டாலும் இதைப் போடுவதே என் கருத்து. நாளை வேறு பம்ப் வாங்குவீர்கள், வேறு கணினி வாங்குவீர்கள்.

ஐசொலேட்டர் கசிவை மறைக்குமே தவிரச் சரி செய்யாது. தொட்டிச் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் டிபி பெட்டியில் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) இருப்பது 100 மில்லி ஆம்பியர். ஈரக் கை தண்ணீரில் இருக்கும் இடத்துக்கு அது போதாது. அந்த வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். 230 வோல்ட் பக்கத்தில் நாமே கைவைக்க வேண்டாம்.

இடி

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் வானம் இருண்டால் தெருவே பிளக்கைப் பிடுங்கும். வீட்டின் மேல் விழத் தேவையில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட வயரில் அழுத்தம் தூண்டப்படும். இரண்டு முனையும் வெவ்வேறு சர்க்கியூட்டில் இருந்தால் அந்த அழுத்தம் தேடும் வழி சீரியல் சிப்தான்.

கேபிளை வீட்டுக்கு வெளியே, கூரை விளிம்பில், ஜன்னல் சன்ஷேடில் இழுக்காதீர்கள். குறுக்குவழியாகத் தெரியும், ஆனால் ஆபத்து. கடையிலிருந்து பின்னால் இருக்கும் ஸ்டோருக்கு என்பதுபோல் இரண்டு கட்டடங்களுக்கு இடையே என்றால் செம்பு வயரே வேண்டாம். ஃபைபரோ வைஃபையோ போடுங்கள். வீட்டுக்குள் ஓடும் 25 மீட்டருக்கு ஐசொலேட்டரும், டிபி பெட்டியில் திடீர் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரும் நல்ல பாதுகாப்பு. நேரடி இடிக்கு இவை தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

எப்போது ஆர்எஸ்-485, எப்போது ஈதர்நெட்

50 மீட்டரைத் தாண்டினாலோ, இரைச்சல் மிகுந்த பம்ப் அறை வழியாகப் போனாலோ ஆர்எஸ்-485-க்கு மாறுங்கள். இரண்டு வயர்களின் வித்தியாசத்தைப் படிக்கும் முறை என்பதால் இரைச்சலைத் தாங்கும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். இரண்டு முனையிலும் ஆர்எஸ்-232-ஐ மாற்றும் ஐசொலேஷன் உள்ள பெட்டி, ஒரே ஜோடியில் ஏ, பி, இன்னொரு ஜோடியில் கிரவுண்ட். நீளம் அதிகம் என்றால் இரு கடைக்கோடியிலும் 120 ஓம் மின்தடை. பதில் வராவிட்டால் ஏ-யையும் பி-யையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். இரண்டு வயர் முறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், கேட்டால் மட்டும் பதில் சொல்லும் கண்ட்ரோலருக்கே அது ஒத்துவரும். தானாகவும் பேசிக்கொண்டிருக்கும் கண்ட்ரோலருக்கு நான்கு வயர் ஆர்எஸ்-422.

ஈதர்நெட்டில் இன்னொரு நன்மை உண்டு: அதன் துளைக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேஷன் இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சீரியல் டிவைஸ் சர்வர் (சீரியலை நெட்வொர்க்குக்கு மாற்றும் பெட்டி), அதிலிருந்து நெட்வொர்க் கேபிள் என்று போட்டால் நீளத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விலை கூடும், ஐபி முகவரி, ரௌட்டர் என்று பராமரிக்க வேண்டியதும் கூடும். ஒரே வீட்டுக்குள் என்றால் நான் நேர் வயரைத்தான் சொல்வேன்.

ஓட விட்டுப் பார்ப்பது

ஒரு இரவு முழுதும் லாக் எழுத விடுங்கள். அதற்குள் சில்லர் கம்ப்ரஸர் பலமுறை நின்று ஓடியிருக்கும். அது கிளம்பும் நொடிதான் உண்மையான சோதனை. எல்.ஈ.டி. விளக்கு மங்கலாகும் நேரத்தையும் பாருங்கள். லாக்கில் உடைந்த வரிகள் வந்தால் அவை எந்த நேரத்தில் வந்தன என்று சில்லர் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் இரைச்சல்: கேபிளை மின்வயரிலிருந்து தள்ளுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஒத்துப்போகாமல் அங்கொன்றும் இங்கொன்றும் வந்தால் கிரிம்ப் சரியில்லை. முனையை வெட்டி மறுபடி போடுங்கள்.

பிறகு, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளை வேண்டுமென்றே பிடுங்குங்கள். தொட்டி எதையும் உணரக் கூடாது. வெப்பநிலை, நீர்மட்டம், டோசிங் (மருந்து, சத்துகளை அளவாக ஊற்றுவது) எல்லாம் கண்ட்ரோலரின் உள்ளேயே முடிவாக வேண்டும். கணினி பார்ப்பதற்கும் பதிவதற்கும் மட்டும். ஏதாவது ஒன்று கணினியின் கட்டளைக்காகக் காத்திருந்தால் அந்த விதியைக் கண்ட்ரோலருக்குள் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மேல்முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை கீழ்முனையைத் திறந்து முட்களில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் சுரண்டாமல் வெட்டிப் புதிது போடுங்கள். நிற வரிசையையும் முள் எண்களையும் ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். காம் எண்ணையும் வேகத்தையும் அதிலேயே எழுதுங்கள். யுஎஸ்பி மாற்றியை வேறு துளையில் சொருகினால் விண்டோஸ் காம் எண்ணை மாற்றிவிடக்கூடும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.